ஷிபுயாவில் சுரங்க ரயில் ஏன் மாடியில் நிற்கிறது?

நண்பர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலுவலக வேலையாக டோக்கியோ போனவர், அசகுசாவில் ஜின்சா லைன் சுரங்க ரயிலில் ஏறி ஷிபுயாவில் இறங்கியிருக்கிறார். இறங்கிப் பார்த்தால் மாடியில் நிற்கிறார், கீழே பஸ் ஓடுகிறது. யோகோஹாமா போக அவர் டோயோகோ லைனுக்கு மாற வேண்டும். அது புறநகர் ரயில், ஆனால் தரைக்கு அடியில் ஐந்தாவது தளத்தில் நிற்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு, தடுப்புப் பலகைகளுக்கு நடுவே வழி தேடி, போய்ச் சேர இருபது நிமிடம் பிடித்ததாம். "திட்டமிடுவதில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்தவர்கள் ஏன் எல்லாவற்றையும் தலைகீழாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்? இந்த வேலை எப்போதுதான் முடியும்?" என்கிறார்.

இதில் யாராவது தப்புச் செய்துவிட்டார்களா என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கட்டுமானப் பொறியாளர். தரைக்கடிக் கட்டுமானம் என் துறை, டோக்கியோவில் பதினைந்து வருடமாக அந்த வேலையில் இருக்கிறேன். ஷிபுயா திட்டத்தில் நான் வேலை செய்யவில்லை. வேறு நிலையங்களில், ரயில் நின்ற பிறகு இரவில் செய்யும் வேலைகளைப் பார்த்திருக்கிறேன், ஷிபுயா வழியாகத் தினமும் போய் வருகிறேன். அதனால் நிலம், தண்டவாளம், தேதிகள் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கம்பெனிகள் ஏன் அப்படி முடிவெடுத்தன, அந்த வட்டாரம் எப்படி மாறுகிறது என்று சொல்லும் இடங்களில் அது என் கணிப்பு. அங்கங்கே அதைக் குறிப்பிட்டுவிடுகிறேன்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ஷிபுயா என்று எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவதற்கு துவர்ப்பு என்று பொருள். பழுக்காத பெர்சிமன் பழத்தைக் கடித்தால் நாக்கில் ஏறும் அதே துவர்ப்பு. இரண்டாவது எழுத்து பள்ளத்தாக்கு. துவர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. ஆற்று நீர் இரும்புக் கலப்பால் துருநிறமாக இருந்தது என்பது ஒன்று, ஷிபுயா என்ற பெயருடைய பழைய குடும்பத்தின் ஊர் என்பது இன்னொன்று. எதையும் நிரூபிக்க வழியில்லை. ஆனால் பள்ளத்தாக்கு என்பதில் ஒரு சந்தேகமும் கிடையாது. நிலையம் நிற்கும் இடத்துக்கும் கிழக்கே அஓயாமா மேட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 20 மீட்டர். மேற்கேயும் அப்படித்தான். கிழக்கு மேட்டிலிருந்து மியாமசுசக்கா என்ற சரிவும், மேற்கு மேட்டிலிருந்து தோகென்சக்கா என்ற சரிவும் இறங்கி நிலையத்தடியில் சந்திக்கின்றன. சக்கா என்றாலே சரிவுப் பாதை. அடிவாரத்தில் ஷிபுயா ஆறு ஓடுகிறது, அதோடு உதா என்ற சின்ன ஆறும் வந்து சேர்கிறது. இரண்டையும் மேலே மூடிவிட்டார்கள், அதனால் வெளியூர்க்காரர் கண்ணில் படாது. மூடினாலும் ஆறு ஆறுதான். பக்கத்திலுள்ள செய்பு டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு எதிரெதிரே இரண்டு கட்டடங்கள். மேலே பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள், தரைக்கடியில் இணைப்பு இல்லை. நடுவே உதா ஆறு போகிறது.

இப்போது ஜின்சா லைனுக்கு வருவோம். ஆசியாவின் முதல் சுரங்க ரயில் அது. 1927 டிசம்பர் 30 அன்று அசகுசாவுக்கும் உஎனோவுக்கும் இடையே தொடங்கியது. ஷிபுயாவிலிருந்து கிழக்கே போகும் பகுதியை வேறொரு கம்பெனி போட்டது, அது 1938 டிசம்பரில் ஷிபுயாவை எட்டியது. அந்தக் காலத்தில் சாலையை மேலிருந்து தோண்டி, பெட்டி மாதிரி சுரங்கம் கட்டி, திரும்ப மண்ணைப் போட்டு மூடுவார்கள். அதனால் ரயில் சாலைக்குச் சற்றுக் கீழே ஆழமில்லாமல் வரும். மேட்டின்மேல் சாலைக்கு அடியில் வந்துகொண்டிருக்கும் அந்த ரயில், மேடு திடீரென்று முடியுமிடத்தில் என்ன செய்யும்? தண்டவாளத்தைச் சாலை மாதிரி சரிக்க முடியாது. ரயிலுக்கு ஆயிரம் மீட்டருக்கு முப்பது, முப்பத்தைந்து மீட்டர் இறக்கம் என்பதே கடுமையான சரிவு. பள்ளத்தில் ஆற்றுக்கும் கீழே போக வேண்டுமென்றால் ஒரு நிலையம் முன்பாகவே ஆழமாக இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே ரயில் அதே மட்டத்தில் நேராக வந்தது. மேட்டின் பக்கவாட்டிலிருந்து வெளியே எட்டிப் பார்த்தது, பாலத்தில் ஏறி அப்படியே கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டது. தரையோடு ஒப்பிட்டால்தான் அது மாடி. ரயிலைப் பொறுத்தவரை அது ஏறவே இல்லை, தரைதான் அதன் காலடியிலிருந்து விலகிப்போனது. ஜப்பானில் தரைத்தளத்தையே முதல் தளம் என்று எண்ணுவார்கள். ஆகவே பலகையில் மூன்றாம் தளம் என்று போட்டிருந்தாலும் நம் கணக்கில் அது இரண்டாம் மாடி. லிஃப்டில் பொத்தானை அழுத்தும்போது இது பலரைக் குழப்புகிறது.

மறுபக்கத்தில் கேய்யோ கம்பெனியின் இனோகஷிரா லைனும் இதே கதைதான். 1933-இல் திறந்தது. ஷிபுயாவுக்கு அடுத்த நிலையம் ஷின்சென், இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சின்ன நிலையம். அங்கிருந்து ரயில் தோகென்சக்கா மேட்டைக் குடைந்து வந்து, வெளியே தலை நீட்டும்போது ஷிபுயாவில் தரைக்கு மேலே இரண்டாம் தளத்தில் இருக்கும். கிழக்கு மேட்டிலிருந்து ஒன்று, மேற்கு மேட்டிலிருந்து ஒன்று, நடுவில் பள்ளத்தின் நீளவாக்கில் வடக்குத் தெற்காக யமனோத்தே லைன். யமனோத்தேதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. 1885 மார்ச் 1 அன்று ஷினகாவாவுக்கும் அகபானேவுக்கும் இடையே தொடங்கிய அந்தத் தடத்தின் நோக்கம் பயணிகள் அல்ல, வடக்கிலிருந்து யோகோஹாமா துறைமுகத்துக்குப் பட்டுநூல் கொண்டுபோவது. அன்று ஷிபுயாவைச் சுற்றி வயலும் தேயிலைத் தோட்டமும். முதல் நாள் இங்கே ஒரு பயணிகூட ஏறவில்லை என்று சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நான் அதற்குச் சத்தியம் செய்ய மாட்டேன். நிலையம்கூட இப்போதைய இடத்துக்குச் சற்றுத் தெற்கே இருந்தது, 1920-இல்தான் இங்கே நகர்ந்தது.

சரி, டோயோகோ லைன் ஏன் பாதாளத்தில் இருக்கிறது? அது எப்போதும் அங்கே இருக்கவில்லை, 2013 வரை அதுவும் மாடியில்தான் நின்றது. 1927-இல் ஷிபுயாவையும் யோகோஹாமாவையும் இணைத்த அந்த லைனுக்குப் பின்னால் கோதோ கேய்தா என்ற மனிதர் இருக்கிறார். பிறகு தோக்யூ என்று பெயர் பெற்ற குழுமத்தைக் கட்டியெழுப்பியவர். போட்டிக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக விழுங்கியதால் ஊரில் அவர் பெயரையே திரித்து 'கொள்ளைக்கார கேய்தா' என்று கூப்பிட்டார்கள். ஒசாக்காவில் கோபயாஷி இச்சிஸோ செய்து காட்டிய வழியை அவர் டோக்கியோவுக்குக் கொண்டுவந்தார். ரயில் போடு, தடத்தின் இருபுறமும் மனை பிரித்து விற்று வீடு கட்டு, ஒரு முனைக்குக் கல்லூரிகளை நிலம் கொடுத்து அழைத்து வா, இன்னொரு முனையில் டிபார்ட்மென்ட் ஸ்டோர் திற. காலையில் நகரத்துக்குள் வருபவரும் வெளியே போகும் மாணவரும் அதே ரயிலில், சாயங்காலம் எல்லோரும் உன் கடை வழியாக. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு மக்கள் நகரின் மேற்கே குடியேறத் தொடங்கியிருந்ததால் இது நன்றாகவே ஓடியது. 1934-இல் நிலையத்தோடு ஒட்டி டோயோகோ டிபார்ட்மென்ட் ஸ்டோர் திறந்தது. அந்த முதல் கட்டடம் ஷிபுயா ஆற்றின் மேலேயே நின்றது. அதனால் கடைசி வரை அதற்குத் தரைக்கடித் தளம் என்று ஒன்று கிடையாது. டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்றாலே தரைக்கடித் தளத்தில் உணவுக்கடை என்பது ஜப்பானில் எழுதாத சட்டம். இங்கே அதைத் தரைமட்டத்தில் வைத்திருந்தார்கள்.

நான் சொன்ன ஜின்சா லைனின் ஷிபுயா பகுதியைப் போட்ட கம்பெனியும் கோதோவின் கைக்குள் இருந்ததுதான். எனவே ரயில் கட்டடத்துக்குள் நுழைந்ததில் வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சரிவு ஒரு காரணம், பயணிகளைத் தன் கட்டடத்துக்குள் இறக்குவது இன்னொரு காரணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் சிலர் எழுதுவதுபோல் அளவெடுத்ததில் நடந்த தவறு என்பது கண்டிப்பாக இல்லை.

பிறகு வந்தவை எல்லாம் கீழே போயின. மேலே இடம் இல்லை. தாமா ஆற்றிலிருந்து ஜல்லி ஏற்றி வந்ததால் ஜல்லி ரயில் என்று பெயர் வாங்கிய பழைய டிராம் ஒன்று 1907 முதல் இங்கே ஓடியது. 1969-இல் அதை நிறுத்திவிட்டு, அதே வழியில் தரைக்கடியில் போட்ட லைன் 1977-இல் திறந்தது. அதுவும் 1978-இல் வந்த ஹன்சோமோன் மெட்ரோவும் தரைக்குக் கீழே மூன்றாம் தளத்தில் ஒரே பிளாட்ஃபாரத்தில் சந்திக்கின்றன. 2008-இல் ஃபுகுதோஷின் மெட்ரோ ஐந்தாம் தளத்தில் வந்தது. அந்த நிலையத்தை வடிவமைத்தவர் அந்தோ ததாவோ. நடுவில் முட்டை வடிவ ஓடு ஒன்று, கீழேயிருந்து மேலே வரை திறந்த வெளி. ரயிலின் சூடு தானாக மேலேறிப் போகும்படி இயற்கைக் காற்றோட்டத்துக்கு வழி செய்திருக்கிறார். காற்று விசிறி வைக்காமல் நிலத்தடியில் காற்றை நகர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்று என் துறைக்காரர்களுக்குத் தெரியும். அவசரமாக நடந்து போகும்போதும் நான் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிடுவேன்.

2013 மார்ச் 15 இரவுதான் திருப்பம். மாடியில் நின்ற டோயோகோ லைனை அன்று இரவு கீழே இறக்கி, ஃபுகுதோஷின் லைனோடு முட்டுக்கு முட்டு சேர்த்தார்கள். கடைசி ரயில் போன பிறகு, முதல் ரயில் வருவதற்குள். அடுத்த நிலையமான தைகன்யாமாவில் ஓடிக்கொண்டிருக்கும் தண்டவாளத்துக்கு நேர் கீழேயே புதுத் தடத்தை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார்கள். மூன்றரை மணி நேரத்தில் சுமார் 1,200 பேர் வேலை செய்து, பழைய தடத்தைத் தாங்கிய பகுதிகளை இறக்கியும் தூக்கியும் புதுச் சரிவில் இணைத்தார்கள். மறுநாள் காலை முதல் ரயில் நேரத்துக்குப் போனது. நான் அந்த வேலையில் இல்லாததற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

நண்பர் பட்ட கஷ்டம் அந்த இரவில்தான் பிறந்தது. மாற்றத்தால் லாபமடைந்தவர் யார் என்று பாருங்கள். வடமேற்கே சைதமாவிலிருந்து வருபவர் இப்போது ஷிபுயாவில் இறங்காமலே யோகோஹாமா சைனாடவுன் வரை ஒரே ரயிலில் போகலாம். ஐந்து கம்பெனிகளின் தண்டவாளம் ஒன்றாயிற்று, 2023-இல் இன்னொன்றும் சேர்ந்தது. அவருக்குக் கால்மணி நேரம் மிச்சம். ஷிபுயாவில் டோயோகோவிலிருந்து யமனோத்தேவுக்கும் ஜின்சாவுக்கும் மாறிக்கொண்டிருந்தவருக்கோ, ஒரே மட்டத்தில் சில அடிகள் நடந்தது போய், ஏழெட்டுத் தளம் ஏற வேண்டியதாயிற்று. திட்டமிட்டவர்களுக்கு இது தெரியாமல் நடக்கவில்லை. இறங்குபவரின் வசதியைக் கொடுத்து, கடந்து போகிறவரின் வசதியை வாங்கினார்கள். முழு நகரத்தையும் கணக்கில் எடுத்தால் அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் முட்டிவலியோடு படியேறும் முதியவரிடம் போய் முழு நகரத்தின் கணக்கைச் சொல்ல முடியாது. எஸ்கலேட்டரும் லிஃப்டும் தயாராகும் முன்பே ரயிலை இறக்கிவிட்டு, பல வருடம் மக்களைத் தற்காலிகப் பாதைகளில் நடக்க வைத்தது இந்தத் திட்டத்தின் உண்மையான குறை. கேள்வியில் இருக்கும் கோபத்தில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

இன்னொன்றும் நடந்தது. இதைக் கணிப்பாகவே சொல்கிறேன். 2013 வரை ஷிபுயா ஒரு முனை. டோயோகோவில் வந்த எல்லோரும் இங்கே இறங்கியே ஆக வேண்டும், இறங்கியவர் கடை வழியாக நடந்தே ஆக வேண்டும். கோதோ போட்ட கணக்கே அதுதான். ரயில் நிற்காமல் தாண்டிப் போகத் தொடங்கியதும், இந்த இடம் வழியில் வரும் இன்னொரு நிலையமாகிவிட்டது. இங்கே இறங்க மக்களுக்குப் புதுக் காரணம் வேண்டும். வரிசையாக எழும்பிய கோபுரங்களை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கோளரங்கம் இருந்த பழைய கலாச்சாரக் கட்டடத்தின் இடத்தில் 2012-இல் ஹிகாரியே வந்தது. டோயோகோ தண்டவாளம் போன இடத்தில் 2018-இல் ஷிபுயா ஸ்ட்ரீம், பிறகு கூகுளின் ஜப்பான் அலுவலகம் அதில் குடியேறியது. 2019-இல் நிலையத்துக்கு நேர் மேலே 230 மீட்டர் உயர ஸ்கிராம்பிள் ஸ்கொயர். 2005 இறுதியில் அரசு இந்த வட்டாரத்தை நகரப் புத்துருவாக்கத்துக்கான அவசரப் பகுதியாக அறிவித்ததால்தான் இவ்வளவு உயரம் சாத்தியமாயிற்று. கட்டுபவர் பொதுப்பாதை, சதுக்கம், ஆற்றோரம் என்று ஊருக்கு ஏதாவது செய்து கொடுத்தால், அதற்கு ஈடாகக் கூடுதல் தளங்களுக்கு அனுமதி.

அந்தப் பொதுவேலைகளில் இரண்டு எனக்குப் பிடித்தவை. முதலாவது, புதுக் கோபுரங்கள் ஒவ்வொன்றின் வாசலிலும் பாதாளத்திலிருந்து மேல்தளம் வரை எஸ்கலேட்டரும் லிஃப்டும் ஒரே இடத்தில் நிமிர்ந்து நிற்கும் திறந்த கூடம். அர்பன் கோர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கு என்பதை மறைக்கப் பார்க்காமல், உயர வித்தியாசத்தை ஏற்றுக்கொண்டு, ஏறி இறங்குவதைச் சுலபமாக்குகிறார்கள். அடியிலிருந்து பார்த்தால் வானம் தெரியும், திசை பிடிபடும். இரண்டாவதை யாரும் பார்க்க முடியாது. கிழக்கு வாசல் சதுக்கத்துக்கு 25 மீட்டர் கீழே சுமார் 4,000 டன் மழைநீர் பிடிக்கும் தொட்டி கட்டியிருக்கிறார்கள். மணிக்கு 50 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டினால் அது தண்ணீரை வாங்கிக்கொள்ளும், மழை விட்ட பிறகு பம்பு வைத்து வெளியேற்றுவார்கள். பள்ளத்தில் இருக்கும் நிலையத்துக்கு இதைவிட முக்கியமான வேலை எதுவும் கிடையாது. எல்லாத் திசையிலிருந்தும் இறங்கி வரும் தண்ணீருக்கு வேறு போக்கிடம் இல்லை. அதோடு ஷிபுயா ஸ்ட்ரீமுக்குப் பக்கத்தில் ஆற்றைக் கொஞ்ச தூரம் திறந்து, சுத்திகரித்த நீரைச் சுவரோரமாக வழிய விட்டிருக்கிறார்கள். மெல்லிய ஓடைதான். ஆனாலும் இத்தனை வருடம் கழித்து அந்த இடத்தில் ஆறு இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

வேலை ஏன் இவ்வளவு காலம் இழுக்கிறது என்பதற்கு வருகிறேன். இங்கே நான்கு கம்பெனிகளின் ஒன்பது லைன்கள். எதையும் மூட முடியாது. டோக்கியோவில் கடைசி ரயில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில், முதல் ரயில் நாலரை வாக்கில். மின்சாரத்தை நிறுத்தி, உறுதி செய்து, தளவாடங்களை இறக்கி, திரும்ப எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்து வெளியேறும் நேரத்தைக் கழித்தால், கையில் வேலை செய்யக் கிடைப்பது ஓர் இரவுக்கு இரண்டு மணி நேரம் சொச்சம். ஒரு சுத்தியல் குறைந்தாலும் முதல் ரயிலை விட மாட்டார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு முறை ஒரே ஒரு முறுக்குச் சாவியைத் தேடி விடியும்வரை நாற்பது பேர் டார்ச் அடித்துக்கொண்டிருந்தோம். பெரிய வேலைக்கு மட்டும் விடுமுறை நாட்களில் ரயிலை நிறுத்துவார்கள். ஜின்சா லைன் நிலையத்தை 130 மீட்டர் கிழக்கே நகர்த்த 2019 டிசம்பர் கடைசியில் ஆறு நாள் அந்தப் பகுதியை மூடி, 2020 ஜனவரி 3 அன்று புது நிலையத்தைத் திறந்தார்கள். முன்பு 350 மீட்டர் தள்ளி இருந்த சைக்யோ லைன் பிளாட்ஃபாரத்தை 2020 ஜூன் 1 அன்று யமனோத்தே பக்கத்திலேயே கொண்டுவந்தார்கள். யமனோத்தேயின் இரண்டு ஒடுக்கமான பிளாட்ஃபாரங்கள் 2023 ஜனவரியில் ஒரே அகலமான பிளாட்ஃபாரமாயின. இரண்டு நாளுக்கு மேல் ஒரு திசையை நிறுத்தித்தான் அதைச் செய்ய முடிந்தது. இப்படி ஒவ்வொரு அடிக்கும் பல வருட முன்தயாரிப்பு. தடுப்புப் பலகைகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் வேலை சுற்றிச் சுற்றி வருவதாகத் தோன்றும். ஒரு மூலையை முடித்து, அங்கே பயணிகளை நகர்த்தி, காலியான மூலையை உடைப்பார்கள். அந்த வரிசையை மாற்ற முடியாது.

இணையத்தில் திரும்பத் திரும்ப வரும் சில எண்களையும் கதைகளையும் பற்றி ஒரு வார்த்தை. தினமும் 30 லட்சம் பேருக்கு மேல் இந்த நிலையத்தைப் பயன்படுத்துவதாகப் போடுவார்கள். கொரோனாவுக்கு முந்தைய கணக்கில் எல்லாக் கம்பெனிகளின் எண்ணிக்கையையும் கூட்டினால் அப்படித்தான் வரும். ஆனால் ஒருவர் லைன் மாறினால் இரண்டு கம்பெனியிலும் எண்ணப்படுவார். ரயிலைவிட்டு இறங்காமல் மெட்ரோவிலிருந்து டோயோகோவுக்குள் கடந்து போகிறவரும், இரண்டு கம்பெனிகளின் எல்லை இங்கே என்பதால் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுவார். ஆகவே உண்மையில் ஷிபுயா மண்ணில் கால் வைப்பவர் அதைவிடக் கணிசமாகக் குறைவு. அதேபோல வாசலில் உள்ள, வண்டிகளையெல்லாம் நிறுத்தி நடப்பவர்களை எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் கடக்க விடும் ஸ்கிராம்பிள் கிராஸிங்கில் ஒரு பச்சை விளக்குக்கு 3,000 பேர் கடப்பதாகச் சொல்வது உச்சநேர எண். சாதாரண மதியத்தில் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள். அந்தக் கிராஸிங் 1973-இல் வந்தது. அது ஏன் அங்கே என்றால், மறுபடியும் சரிவுதான். எல்லாத் தெருவும் அந்தப் புள்ளியை நோக்கித்தான் இறங்குகிறது. மழைநீர் சேரும் இடத்தில் மக்களும் சேர்கிறார்கள்.

இறந்த எஜமானருக்காக இந்த நிலையத்தில் காத்திருந்ததாகச் சொல்லப்படும் நாய் ஹச்சிகோவைப் பற்றிக் கேட்காமல் யாரும் விட மாட்டார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். உறுதியானவை இவை. 1923 நவம்பரில் அகிதா மாவட்டத்தில் பிறந்த நாய். வளர்த்தவர் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உஎனோ ஹிதேசபுரோ. அவர் 1925 மே 21 அன்று இறந்தார், நாய் 1935 மார்ச் 8 வரை உயிரோடிருந்து நிலையத்தைச் சுற்றி வந்தது. 1932-இல் பத்திரிகையில் செய்தி வந்த பிறகு நாடே அறிந்தது, 1934-இல் சிலை வைத்தபோது ஹச்சிகோவே அந்த விழாவில் இருந்தது. அந்தச் சிலை போர்க்காலத்தில் உலோகத்துக்காக உருக்கப்பட்டது. இப்போது நாம் பார்ப்பது 1948-இல் முதல் சிற்பியின் மகன் செய்தது. நாய் எஜமானருக்காகக் காத்திருந்ததா, நிலையத்தருகே கிடைத்த கோழிக்கறிக்காக வந்ததா என்ற வாதம் அன்றே தொடங்கிவிட்டது. ஒரு நாயின் மனதை யாராலும் நிரூபிக்க முடியாது, எனவே அதை விட்டுவிடுகிறேன். அது குச்சி குத்தி இறந்ததாக ஒரு வதந்தி உண்டு. பாதுகாத்து வைத்த உறுப்புகளை 2011-இல் ஆராய்ந்தவர்கள் புற்றுநோயும் யானைக்கால் வகைப் புழுத்தொற்றும் இருந்ததைக் கண்டார்கள். வயிற்றில் குச்சிகள் இருந்தன, சாவுக்குக் காரணம் அவையல்ல. என்னை அதிகம் தொடுவது வேறொன்று. உஎனோ கற்றுக்கொடுத்தது வேளாண் நிலப் பொறியியல், அதாவது வயலைச் சமன்படுத்துவது, வடிகால் வெட்டுவது. ஜப்பானில் அந்தத் துறைக்கே அவர்தான் முன்னோடி. நீர் வடியாத பள்ளத்தில் இருக்கும் நிலையத்தின் வாசலில், வடிகால் பேராசிரியரின் நாய் உட்கார்ந்திருக்கிறது.

சுற்றுவட்டாரத்தைப் பற்றி நான் சொல்வது அங்கே நடமாடுகிறவன் என்ற முறையில்தான். இன்றைய ஷிபுயா இளைஞர்களின் ஊரானதில் பக்கத்து மேட்டுக்குப் பெரிய பங்குண்டு. போருக்குப் பிறகு அங்கே அமெரிக்கப் படையினரின் குடியிருப்பு இருந்தது. 1964 ஒலிம்பிக்ஸுக்காக நிலம் திரும்பக் கிடைத்தபோது தாங்கே கென்ஸோவின் யோயோகி உள்விளையாட்டரங்கம், என்எச்கே ஒளிபரப்பு நிலையம், பின்பு யோயோகி பூங்கா எல்லாம் வந்தன. 1968-இல் செய்பு, 1973-இல் அதே குழுமத்தின் பார்கோ கடைக் கட்டடம். பார்கோ என்றால் இத்தாலிய மொழியில் பூங்கா. மாநகராட்சிக் கட்டடத்துக்குப் போகும் சாதாரணச் சரிவுக்கு அதிலிருந்தே பூங்காத் தெரு என்று புதுப்பெயர் வந்தது. 1979-இல் 109 கட்டடத்தோடு தோக்யூ பதிலடி கொடுத்தது. ஜப்பானிய மொழியில் பத்து தோ, ஒன்பது க்யூ. இரண்டு குழுமங்கள் போட்டி போட்டுக்கொண்டு சரிவுகளில் கடை கட்டியதால், கூட்டம் நிலையத்தோடு நிற்காமல் மேலேறி நடந்தது. அந்த நடைதான் ஷிபுயா. இப்போது எல்லாம் நிலையத்தின் மேலேயே கோபுரமாக நிற்கும்போது, மக்கள் சரிவில் நடப்பார்களா என்பது என் கவலை. 2020 மார்ச்சில் டோயோகோ ஸ்டோர் 85 வருடத்துக்குப் பிறகு மூடியது. 2023 ஜனவரியில் தோகென்சக்கா பக்கமிருந்த தோக்யூ தலைமைக் கடையும் போனது. இசைக்கருவிக் கடைகளும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்திருந்த சகுராகஒகா சரிவை முழுதாக இடித்து அலுவலகக் கோபுரம் கட்டிவிட்டார்கள். தண்டவாளத்தோரம் நோன்பேய் யோகோச்சோ என்ற குடிகாரச் சந்து மட்டும் இன்னும் இருக்கிறது. சுமார் 40 கடைகள், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பேர் நெருங்கி உட்காரலாம். அடுத்த முறை நேரம் கிடைத்தால் ஒரு சாயங்காலம் அங்கே போய்ப் பாருங்கள்.

எப்போது முடியும்? ஸ்கிராம்பிள் ஸ்கொயரின் நடு, மேற்குக் கட்டடங்களுக்கு முதலில் 2027 என்றார்கள். அது 2030-களுக்குள் தள்ளிப்போய்விட்டது. மேல்நடைபாலங்கள், சதுக்கங்கள் எல்லாம் சேர்ந்து முடிய 2034 நிதியாண்டு என்பது இப்போதைய அறிவிப்பு. ஜின்சா லைன் மட்டத்தில் கிழக்கு மேட்டிலிருந்து மேற்கு மேடு வரை பள்ளத்தில் இறங்காமலே நடந்து கடக்கும் பாதை வரப்போகிறது. ரயில் 1938-இல் செய்ததை மனிதர்கள் அப்போது செய்ய முடியும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். அசகுசா பக்கமிருந்து ஜின்சா லைனில் வந்து யோகோஹாமா போக வேண்டுமென்றால், ஷிபுயாவுக்கு ஒரு நிலையம் முன்னால் ஒமோத்தேசாந்தோவிலேயே இறங்கிவிடுங்கள். அதே பிளாட்ஃபாரத்தின் எதிர்ப்புறம் ஹன்சோமோன் லைன் வந்து நிற்கும், ஒரு படிகூட ஏற வேண்டாம். அதில் ஒரே ஒரு நிலையம் போனால் ஷிபுயாவில் தரைக்கடியில் மூன்றாம் தளத்தில் இறங்குவீர்கள். அங்கிருந்து டிக்கெட் கேட்டைத் தாண்டாமலே இரண்டு தளம் கீழே போனால் டோயோகோ லைன். பெட்டியோடு நிதானமாகப் போனாலும் ஐந்து நிமிடம் போதும்.